தாயம் போட்டால்தான் உள்ளே

தாயக்கட்டை என்பது நான்கு பட்டை கொண்ட நீளமான பித்தளைத் துண்டு. ஒரு விரல் நீளம் இருக்கும். ஜோடியாகத்தான் விற்பார்கள், ஜோடியாகத்தான் உருட்டுவார்கள். ஒரு பட்டை வெறுமையாக இருக்கும். மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் குத்தியிருக்கும். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, கணீரென்று ஓசை எழ, தரையில் விடுவது வழக்கம். கட்டை நீளமாக இருப்பதால் நுனியில் நிற்காது. நான்கு பட்டைகளில் ஏதோ ஒன்றில்தான் படுக்கும். மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே அந்தப் போடு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் என்று யாரும் சொல்வதில்லை, அது பன்னிரண்டு. ஒரு கட்டை வெறுமையும் மறு கட்டை ஒன்றும் காட்டினால் அதுதான் தாயம். தாயம் விழாமல் எந்தக் காயும் கட்டத்துக்குள் நுழைய முடியாது.

அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில், ஏரியை ஒட்டி இருக்கும் அயனம்பாக்கம் போன்ற ஊர்களில் இதற்குப் பலகை தேவைப்பட்டதில்லை. சாக்கட்டியோ செங்கல் துண்டோ கரியோ கிடைத்தால் திண்ணையில் ஐந்துக்கு ஐந்து என்று கட்டம் கிழித்துவிடலாம்; ஆட்கள் அதிகமென்றால் ஏழுக்கு ஏழு. ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டால் அது மலை. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. வெளிச்சுற்றைச் சுற்றி வந்து, வழியில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டியவருக்கே உள்சுற்று திறக்கும் என்பது பல ஊர்களின் விதி. நடுக்கட்டத்தை அடைந்த காய் பழம். பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் சோழி. சோழியும் இல்லையென்றால் புளியங்கொட்டை. கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரசினால் கருந்தோல் போய் வெள்ளை தெரியும். எத்தனை கொட்டை வெள்ளை காட்டுகிறது என்று எண்ணினால் போதும். காசு செலவில்லாமல் அதிர்ஷ்டத்தைக் கையில் எடுக்கும் வழி இதைவிட எளிதாக இருக்க முடியாது.

இந்த ஆட்டத்தின் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதன் அழகு அங்கேதான் இருக்கிறது. இரண்டு கட்டைகள், கட்டைக்கு நான்கு பட்டை, ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை மூன்று வருவதற்கு 4 வழிகள். இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். தாயத்துக்கு 2, ஐந்துக்கு 2. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். இப்போது விதியைப் பார்க்க வேண்டும்: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கு மட்டுமே மறுபடி போடும் உரிமை உண்டு. இரண்டு, மூன்று, நான்கு போட்டவர் காயை நகர்த்திவிட்டுக் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அரிதாக விழுவது எதுவோ அதற்கெல்லாம் மறுபோடு. அடிக்கடி விழுவது எதற்கும் கிடையாது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஐரோப்பாவில் நிகழ்தகவுக் கணிதம் 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வளர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்குத் தூண்டுதலாக இருந்ததும் ஒரு பகடைக் கேள்விதான். தாயத்துக்கு விதி செய்தவர்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எத்தனையோ மதியங்களில் கட்டையை உருட்டி, எது வருகிறது, எது வர மறுக்கிறது என்று கண்ணாலேயே அளந்து, அந்த அளவை விதியாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு போடில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆனால் ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் அதே ஆள் மறுபடி போடலாம் என்பதால், ஒருவருடைய முறை முடிவதற்குள் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்றாக உயர்கிறது. சராசரியாக ஆறு முறை காத்திருக்க வேண்டும். ஆறு முறை காத்திருந்தும் மூன்றில் ஒருவருக்கு அது விழுவதில்லை. பத்து முறைக்குப் பிறகும் நூற்றுக்குப் பதினாறு பேர் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்கள். கூட ஆடுபவர்கள் பாதி வழி போய்விட்ட பிறகும் கட்டத்துக்கு வெளியே காய்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம் எல்லா வீடுகளுக்கும் தெரிந்த முகம். அந்தக் குழந்தைக்குக் கெட்ட நேரம் எதுவும் இல்லை. ஆறில் ஒன்று என்பதன் இயல்பே அதுதான்.

நுழைவுக்கான எண்ணாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது சாதாரணமான விஷயம் இல்லை. வேதகாலச் சூதில் கட்டை கிடையாது, தான்றிக்காய்தான். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள சூதாடியின் புலம்பல் அந்தக் காய்களைப் பற்றியதுதான். குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, நான்கு நான்காகக் கழித்து, மிச்சத்தைப் பார்ப்பார்கள். மிச்சமின்றி நான்காகவே முடிந்தால் கிருதம், மூன்று மிஞ்சினால் திரேதை, இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்று மிஞ்சினால் கலி. நான்கு யுகங்களின் பெயர்களும் சூதுக்களத்திலிருந்து வந்தவையே. அங்கே ஒன்று என்பது தோல்வி, கலி. ஒரு மனிதன் மேல் ஏறி உட்கார்ந்து அவன் நாட்டையும் உடுத்த துணியையும் பறிக்கும் சக்திக்கும் அதே பெயர்தான். திண்ணைத் தாயத்தில் அதே ஒன்றுதான் வாசல் திறக்கும் எண். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்போது, யாரால் நேர்ந்தது என்று வரலாறு பெயர் குறித்து வைக்கவில்லை. ஆனாலும் கலி என்று பெயர் பெற்ற எண்ணைப் பிடித்து வாசற்படியில் வைத்த மனத்தில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது.

கலி பிடித்தவனின் கதை நளனுடையது. புஷ்கரனிடம் சூதில் எல்லாவற்றையும் தோற்ற நளன், உருமாறி அயோத்தி மன்னன் இருதுபர்ணனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான். மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் அந்தத் தேர்ப்பயணத்தில், வழியில் நிற்கும் ஒரு தான்றிமரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் இருப்பதாக இருதுபர்ணன் சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்திவிட்டு இறங்கி, மரத்தை வெட்டி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. குதிரைகளின் இரகசியத்தைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை அவன் வாங்கிக்கொண்ட கணத்தில்தான் கலி அவன் உடலைவிட்டு வெளியேறித் தான்றிமரத்துக்குள் புகுகிறான். சூதாடிகளின் காய் காய்க்கும் அதே மரம். குருட்டுத்தனமாக உருட்டியவன் தோற்றான், எண்ணக் கற்றவன் மீண்டான் என்பதுதான் கதையின் எலும்பு. தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவும் அதிவீரராம பாண்டியரின் நைடதமும் இந்தக் கதையைப் படித்தவர் வீட்டுக்குக் கொண்டுவந்தன. சனி பிடித்தால் நளன் கதை படிக்க வேண்டும் என்ற நம்பிக்கை அதைப் படிக்காதவர் வீட்டுக்கும் கொண்டுபோனது.

தாயம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: வழிவழியாக வரும் உரிமை, சொத்தில் பங்கு. பங்காளிக்குத் தாயாதி என்று பெயர் வந்தது அதனால்தான். சங்கப் பாட்டில் அரசுரிமையைக் குறிக்கவும் இதே சொல் வருகிறது. புறநானூற்றின் 75ஆம் பாட்டைப் பாடியவன் சோழன் நலங்கிள்ளி; அவனே ஓர் அரசன். மூத்தவர்களைக் கூற்றம் கொண்டுபோனதால், ஊழ் தர வந்து சேர்ந்தது இந்த அரசுரிமை என்று அவன் தொடங்குகிறான். கிடைத்துவிட்டதே பெரிய சிறப்பு என்று நினைத்துக் குடிகளிடம் வரிக்கு இரக்கும் சிறியவன் கையில் அது தாங்கமுடியாத கனம். தகுந்தவன் கையிலோ காய்ந்த நெட்டித் தண்டைப் போல லேசு என்பது பாட்டின் கருத்து. பிறப்பு ஒரு போடு, ஆட்சி ஒரு நகர்த்தல். வாய்த்தது எப்படி வாய்த்தது என்பதில் அரசனுக்குப் பங்கில்லை. வாய்த்ததை வைத்து என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் இருக்கிறான்.

தாயத்தைச் சூதிலிருந்து பிரிக்கும் கோடும் இதுவே. கட்டை சொல்வது எண்ணை மட்டும். நான்கு காய்கள் களத்தில் இருக்கும்போது மூன்று விழுந்தால் எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் ஒதுங்குவதா, பின்னால் வருபவர் ஐந்து போட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பது ஆடுபவரின் வேலை. தாயம் போடத் தெரிந்தவர் என்று யாரையும் சொல்வதற்கில்லை; தாயம் ஆடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த வகை ஆட்டம் தமிழ்நிலத்தில் மிகப் பழையது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ‘வல்’ என்ற சொல் புணரும் முறையைச் சொல்லும்போது, அதோடு ‘நாய்’, ‘பலகை’ ஆகிய சொற்கள் சேரும்போது என்ன ஆகும் என்று தனியாகவே ஒரு விதி வைத்திருக்கிறது. வல் என்பது சூதாடு கருவி; நாய் என்பது அதன் காய்; பலகை அதன் களம். ஒரு விளையாட்டின் காய்க்கும் பலகைக்கும் இலக்கணத்தில் இடம் ஒதுக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சொற்கள் வாயில் புழங்கியிருக்கின்றன. புறநானூறு 52இல் மருதனிளநாகனார் பாண்டியன் ஒருவனின் பகைவர் நாடு பாழானதைக் காட்ட, எரிந்த கோட்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர்ப்பொதுவில் நரைத்த முதியவர்கள் காயை வைத்து வைத்துத் தரையில் விழுந்த குழியைத் தேர்ந்தெடுக்கிறார். வழிபாடு நின்றுபோன அந்த இடத்தில், ஆட ஆளில்லாத அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஓர் ஊர் செத்துப்போனதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த பகடையும் சுட்டமண் சில்லுகளும் கிடைத்தபோது, பாட்டில் இருந்த பொருள் கைக்கு வந்தது. தமிழகக் கோயில்களின் மண்டபத் தளங்களிலும் படிகளிலும் யாரோ உட்கார்ந்து செதுக்கிவிட்டுப் போன ஆடுகளங்கள் இன்றும் தேய்ந்தபடி இருக்கின்றன. அவற்றின் மேல்தான் பக்தர்கள் நடந்து போகிறார்கள்.

இத்தனை பழக்கம் இருந்தும் குறள் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கடிந்தது. 94ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கு அடுத்தது. அதில் திட்டு வாங்குவது கட்டையா, பணயமா என்று பார்த்தால் பதில் தெளிவு. தோல்வியைவிட வெற்றியைப் பற்றித்தான் வள்ளுவர் அதிகம் அஞ்சுகிறார். வென்ற பணம் மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு; ஒன்று பெற்று நூறு இழக்கும் கணக்கு. ஒரே குறளில் உருளும் கவற்றுக்கும் சேரும் பொருளுக்கும் ஆயம் என்ற ஒரே சொல்லைப் போட்டு, முன்னது ஓயாமல் உருண்டால் பின்னது வெளியேறிவிடும் என்கிறார். சூதாடும் இடத்துக்கு அவர் வைத்த பெயர் கழகம். பிற்காலத்தில் புலவர் அவைக்கும் பல்கலைக்கும் அரசியல் கட்சிக்கும் போய்ச் சேர்ந்த அந்தச் சொல் குறளில் இந்தப் பொருளில்தான் வருகிறது. சொற்களுக்கும் நல்ல போடு விழுவதுண்டு.

தொண்டைமண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து கட்டி, தீமிதியில் முடிக்கும் திருவிழாக்களில் சூதும் துகிலுரிதலும் இரவு முழுக்க நடக்கும் கூத்தாகும். சகுனியின் கவறு அவன் தகப்பனின் எலும்பில் செய்தது என்று ஊரில் சொல்லும் கதை வியாச பாரதத்தில் இல்லை. ஆனால் கூத்துப் பார்ப்பவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. அறமறிந்த ஒருவன் மனைவியைப் பணயம் வைக்கும் அளவுக்குப் போனதற்கு வெறும் அதிர்ஷ்டக்குறைவு போதுமான காரணமாகத் தோன்றவில்லை. பாரதி பாஞ்சாலி சபதத்தில் ஒரு சருக்கத்துக்குச் சூதாட்டச் சருக்கம் என்றே பெயர் வைத்தார். வீட்டுக்குள் தாயம் உருட்டக்கூடாது, திண்ணையோடு சரி என்று பல குடும்பங்களில் இருந்த கட்டுப்பாட்டிலும் அந்தச் சபையின் நிழல் விழுந்திருக்கிறது.

ஓர் இரவு மட்டும் அந்தத் தடை தளரும். வைகுண்ட ஏகாதசியன்று கண்விழிக்க வேண்டும். விழித்திருக்கப் பரமபத படம். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வருபவர் வீட்டிலும் அன்றிரவு பாம்பும் ஏணியும்தான் துணை. அச்சடித்த தாளில் கீழே நரகங்கள், மேலே வைகுண்டம். நற்குணம் ஏணி, தீக்குணம் பாம்பு. அங்கேயும் தாயம் விழுந்தால்தான் தொடக்கம். நகர்த்துவதில் தேர்வே இல்லாத ஆட்டம் அது. கட்டை சொன்ன இடத்துக்குப் போக வேண்டியதுதான். அந்த ஒரு இரவுக்கு அது பொருத்தம். இந்தியாவின் இந்த வைகுண்டப் படம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய், தெய்வங்களை உதிர்த்துவிட்டுப் பாம்பும் ஏணியுமாகக் கடைக்கு வந்தது. வடநாட்டுப் பச்சீசியும் அப்படித்தான் போனது. அக்பரின் ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்லிலேயே பெரிய பச்சீசிக் களம் உண்டு. அதைச் சுருக்கி, சோழியை எடுத்துவிட்டுக் கனசதுரப் பகடை கொடுத்து, 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள்.

கடல் தாண்டிய உறவுகளில் மிகவும் வியக்க வைப்பது மெக்சிகோவின் பதோல்லி. அஸ்டெக் மக்கள் பாயில் சிலுவை வடிவக் கட்டம் வரைந்து, ஒரு பக்கம் அடையாளம் இட்ட கறுப்பு அவரைக்கொட்டைகளை எறிந்து, அடையாளம் தெரிவதை எண்ணிக் காய் நகர்த்தினார்கள். உரசிய புளியங்கொட்டையைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. 1878இல் மானிடவியலாளர் எட்வர்டு டைலர் பச்சீசியையும் பதோல்லியையும் ஒப்பிட்டு, ஆசியாவிலிருந்து அது அமெரிக்கா போயிருக்க வேண்டும் என்று வாதிட்டார். பின்வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இரண்டு பக்கமுள்ள கொட்டை எந்த நாட்டிலும் இரண்டு விதமாகத்தான் விழும். அதை எண்ணத் தோன்றுவதற்குக் கப்பல் வேண்டியதில்லை. கொரியாவில் புத்தாண்டன்று நான்கு மரக்குச்சிகளை எறிந்து யூட் ஆடுகிறார்கள். குச்சிக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. விழுவதற்கேற்பப் பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று போடுகளுக்குப் பெயர். மாடும் குதிரையும் விழுந்தால் மறுபோடு. அரிதானதுக்கு மறுபோடு என்ற அதே அறிவு அங்கேயும் இருக்கிறது.

நவீனச் சட்டம் இந்த ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. ரம்மியில் திறமையே மேலோங்கியது என்று உச்சநீதிமன்றம் 1967இல் சொன்னது. குதிரைப்பந்தயத்தைப் பற்றி, சென்னையிலிருந்து போன வழக்கில், 1996இல் அதையே சொன்னது. இதற்கிடையில் 1968இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. பரிசுச்சீட்டில் போடு மட்டும்தான் உண்டு, நகர்த்தல் இல்லை. வாங்கியவர் செய்வதற்கு எதுவுமில்லை, எண்ணைப் பார்த்துக் கிழித்துப் போடுவதைத் தவிர. அன்றாடம் கூலி வாங்கிய கை அன்றைக்கே சீட்டுக்கடைக்கு நீண்டது தமிழக நகரங்களின் நெடுங்காலக் காட்சி. 2003 ஜனவரியில் தமிழகம் அதை அடியோடு நிறுத்தியது. மாநில அரசுகள் எடுத்த நல்ல முடிவுகளில் அதற்கு இடமுண்டு.

பிறகு சூது கைப்பேசிக்குள் வந்தது. இணைய ரம்மியால் கடன்பட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்தபோது தமிழக அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022ஆம் ஆண்டின் புதிய சட்டத்தை 2023 நவம்பரில் பெரும்பாலும் ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கிவைத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியிலேயே வழக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. இத்தனை ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு சட்டம் வந்து நின்ற இடம், குறளின் 94ஆம் அதிகாரம் நின்ற இடம்தான். கட்டை உருளட்டும், பணயம் கூடாது.

அயனம்பாக்கத்தில் ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தபோது திண்ணைகள் குறைந்தன. வழவழப்பான தரைக்கற்களில் சாக்கட்டி பிடிக்காது. பித்தளைக் கட்டை விழுந்தால் தரை கீறும். விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கைப்பேசியில் லூடோ ஆடுகிறார்கள். அது பச்சீசியின் பேரப்பிள்ளை, தாயத்துக்குப் பங்காளி முறை. அதிலும் காய் வெளியேதான் காத்திருக்கும். ஒன்றுக்குப் பதில் ஆறு விழுந்தால் உள்ளே வரலாம். பகடைக்கு ஆறு முகம் என்பதால் ஒரு முறைக்கு வாய்ப்பு ஆறில் ஒன்று. மறுபோடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் தாயத்திலும் அது அதே ஆறில் ஒன்றுதான். திண்ணையில் பாட்டி எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ, சராசரியாகப் பார்த்தால், பேத்தியும் அத்தனை முறைதான் காத்திருக்கிறாள்.